ஒரு ‘ன்’ கூடிய வீட்டுப்பாடம்

ஜூன் 16, திங்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னுடன் போனில் பேசியபின் நீதிபதி அறிவித்தாள். பெற்ற மகளுக்கு நீ வைத்த பட்டப்பெயர் பதின்மூன்று வயதில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. என் சமையலுக்குக்கூட இப்போதெல்லாம் தீர்ப்புதான். மேல்முறையீடு கிடையாது.

கடிதமே எழுதாத மனுஷன் எதற்குப் பேனா எடுத்தான் என்று புருவத்தை உயர்த்துவாய். நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் குரல் ஏறுகிறது. நீ அந்த விடுதிப் பள்ளி வேலைக்கு ரயிலேறிப் போன இந்தப் பதினைந்து மாதத்தில் அது ஒன்றுதான் தவறாமல் நடக்கிறது. கடிதத்தில் குரல் ஏற வழியில்லை. விஷயம் இதுதான்: வீட்டுப்பாடம்.

அவள் பள்ளியில் இந்த வருடம் ஸ்பானிஷ் ஆரம்பித்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சார் வந்து போகிறார். அவர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம்: “வீட்டிலுள்ள பத்துப் பொருள்களின் பெயரை ஸ்பானிஷில் எழுதி அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டுக. பெரியவர் ஒருவர் உதவலாம்.” அந்த மொழியையே பிழைப்பாக வைத்திருக்கும் அம்மா இருக்க, என்னிடம் ஏன் வருகிறாய் என்று, “அம்மாகிட்டயே கேளேன்” என்றேன். “பாடம் கேட்டா அம்மா டீச்சராயிடுவாங்கப்பா. ஞாயித்துக்கிழமை எனக்கு அம்மாதான் வேணும்” என்றாள்.

ஆகவே நானே இறங்கிவிட்டேன். துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதுமாம். ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை செய்கிறவன் வீட்டில் துண்டுக் காகிதமா? சிவப்பு ஸ்டிக்கர் ஷீட்டை மெஷினில் போட்டு, இரண்டு அங்குல எழுத்தாக வெட்டி ஒட்டிவிட்டேன். தடவிப் பார், ஒரு குமிழி இருக்காது.

இதில் பாதி எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மேசைக்கு மேசாவாம். அலமாரிக்கு அர்மாரியோவாம். இதைப் படிக்கவா நாலு வருஷம் செலவழித்தாய்? கட்டிலுக்குக் காமாவாம். அதை நீதிபதி ஜன்னலோரம் நின்று பத்துத் தடவை உரக்கப் படிக்க, தபால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒன்றை மட்டும் அரை அங்குல எழுத்தில் வெட்டினேன்.

பத்துச் சொல்லையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல். உன்னைக் கேட்டது நீதிபதிக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
போர்டு கடை


ஜூன் 24, செவ்வாய்

போர்டு கடை முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். பிரித்தால் மேசா, அர்மாரியோ! விடுதிப் பெண்கள் எட்டிப் பார்த்து, “என்ன மிஸ், சிரிக்கிறீங்க?” என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

மதிப்பெண்: பத்துக்கு எட்டு. நாற்காலி ‘சில்லா’ இல்லை, ‘சீயா’. அந்த மொழியில் ‘ல’ எழுத்து இரட்டித்து வந்தால் ‘ய’ என்று ஒலிக்கும். ஒரு கால் இல்லாமல் மூன்று காலில் நிற்கும் உங்கள் நாற்காலிக்குச் ‘சில்லா’வே பொருத்தம் என்று நீங்கள் வாதாடலாம், செல்லாது. இரண்டாவது பிழை, மேசைக்கு முன்னால் ‘எல்’ போட்டு அதை ஆணாக்கிவிட்டீர்கள். மேசை பெண். ‘லா மேசா’.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெரும்பாலும் சொல் ‘ஆ’வில் முடிந்தால் பெண், ‘ஓ’வில் முடிந்தால் ஆண். பலர் என்றால் ‘ஓஸ்’. நூறு பெண்கள் நடுவில் ஒரே ஒரு ஆண் நின்றாலும் ‘ஓஸ்’தான். இந்த அநியாயத்தை நான் வருடாவருடம் வகுப்பில் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறேன். மேசையும் அலமாரியும் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததில் அதிசயமில்லை. அந்த மொழிக்குப் பக்கத்து வீட்டு மொழி ஒன்று முன்னொரு காலத்தில் கப்பலேறி வந்து தமிழுக்குத் தட்டுமுட்டுச் சாமான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொன்று. அந்த மொழியில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று சட்டென்று தெரிந்துவிடுகிறது. “நாங்கள் இங்கே நலம்” என்று நீங்கள் ஆரம்பித்த இடத்தில் நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. இங்கே என்னை இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதே வாரத்தில் நீதிபதியின் பள்ளித் தலைமையாசிரியையும் எழுதியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் சார் போதவில்லையாம், முழுநேரத்துக்கு நான் வர முடியுமா என்று கேட்கிறார். நான் எதைச் செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியை, அறை எண் 7


ஜூலை 2, புதன்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

மேசைக்கு ஆபரேஷன் முடிந்தது. நான் ஒட்டியது வெளி உபயோக ஷீட். வெயில் மழைக்கு ஏழு வருஷம் தாங்கும் என்று வாடிக்கையாளர்களிடம் மார் தட்டுகிற அதே ஷீட். ‘எல்’லை உரிக்க ஹேர் டிரையரைக் காட்டினேன். எழுத்தோடு மேசையின் பாலிஷும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது ‘எல்’ இருந்த இடத்தில் வெள்ளையாக ‘எல்’ இருக்கிறது. அதன் மேலேயே ‘லா’ ஒட்டினேன். “ஆணா இருந்து பொண்ணா மாறின மேசை, இந்தத் தெருவுலயே நம்ம வீட்டுலதான்பா” என்று தீர்ப்பு வந்தது.

அவள் நன்றாகப் படிக்கிறாள். பல் தேய்க்கும்போதுகூட எண்களைச் சொல்கிறாள். நுரை எல்லாம் கண்ணாடியில்.

படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது உன் இஷ்டம். நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் தன்னைப் பற்றி ஸ்பானிஷில் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். வீட்டில் பெரியவர் என்று இருப்பது நான் ஒருவன்தான். எழுதி வைத்திருக்கிறேன். நாலு வாக்கியத்துக்கு நீதிபதியின் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தேன். மூன்றாவது வாக்கியம் மட்டும் என் சொந்தச் சரக்கு. அதை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. திருத்தி அனுப்பு.

இப்படிக்கு,
போர்டு கடை


ஜூலை 9, புதன்

போர்டு கடைக்கு,

திருத்தியிருக்கிறேன்.

வாக்கியம் ஒன்று: எனக்கு வயது நாற்பத்து நான்கு. சரி.
வாக்கியம் இரண்டு: நான் பெயர்ப்பலகை செய்கிறேன். சரி.
வாக்கியம் மூன்று: எஸ்தோய் கன்சாதோ. ‘நான் களைத்துப்போய்விட்டேன்.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை.
வாக்கியம் நான்கு: எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். சரி.
வாக்கியம் ஐந்து: எனக்குக் காப்பி பிடிக்கும். சரி.

ஐந்தில் என்னைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது என்னைப் பற்றியதுதான். அதையும் சொந்தமாக, ரொம்ப நேரம் யோசித்து எழுதியதாகச் சொல்கிறீர்கள். மேலே “உன் இஷ்டம்”, கீழே “களைத்துவிட்டேன்”. புரியாமல் இருக்க நான் குழந்தை இல்லை. பதினாறு வருடம் என்னோடு வாழ்ந்த மனுஷன் இதைத் தமிழிலேயே சொல்லியிருக்கலாம்.

பத்துக்குப் பத்து.

ஆசிரியை


ஜூலை 12, சனி

ஐயோ, டீச்சரம்மா!

உன் கடிதம் வந்தபோது மருந்துக்கடை வாசலில் ஏணி மேல் நின்றிருந்தேன். தபால்காரர் கீழே நின்று நீட்டினார். அங்கேயே பிரித்தேன். ‘மருந்து’ ஏறிவிட்டது, ‘கடை’ இன்னும் ஏறவில்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். மருந்துக்கடைக்காரர் இதுவரை நாலு முறை போன் செய்துவிட்டார்.

நான் எழுத நினைத்தது கசாதோ. கசாதோ! கல்யாணமானவன்! புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் கன்சாதோவும் கசாதோவும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. பார்த்தெழுதும்போது கண் ஒரு வரி தள்ளிப்போய்விட்டது. ஒரு ‘ன்’ கூடிப்போச்சு. எழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு இது வர வேண்டிய தண்டனைதான்.

பல் மருத்துவருக்கு ஒரு துணைக்கால் கூட்டிப் ‘பால் மருத்துவர்’ என்று பலகை வைத்தேனே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு பத்து வருஷமாக என் கையில் பிழை வந்ததில்லை. வந்தது உன்னிடமா வர வேண்டும்?

நீதிபதியிடம் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்பா, பொண்டாட்டிகிட்ட ‘நான் கல்யாணமானவன்’னு சொல்லப் போய் ‘எனக்கு அலுத்துப்போச்சு’ன்னு சொல்லிருக்கீங்க. ஒரு மாசம் பாத்திரம் நீங்கதான் கழுவணும்” என்றாள். ஏற்கெனவே நான்தான் கழுவுகிறேன் என்பதை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளவில்லை.

உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் அந்த மூன்றாவது வாக்கியத்தையே போட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் களைக்கவில்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான். நீ ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறேன் என்று என்னைத் திட்டுவாய் அல்லவா? இப்போது நான் போட்டாலும் யாரும் திட்டுவதில்லை. அதனால் போடுவதையே விட்டுவிட்டேன்.

அந்தப் பத்துக்குப் பத்தை வாபஸ் வாங்கிக்கொள். ஒன்பது போதும்.

கசாதோ, கசாதோ, கசாதோ.

போர்டு கடை


ஜூலை 21, திங்கள்

கசாதோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தது என் தப்பு. ‘மருந்து’ ஏறி ‘கடை’ ஏறாத இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு, பாத்திரத் தீர்ப்பில் கண்ணீராகிவிட்டது. கணக்கு டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். “ஒண்ணுதானே? என் வீட்டுக்காரருக்கு ரெண்டு சொல்லும் ஒரே அர்த்தம்தான்” என்கிறார்.

பன்னிரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ‘ன்’னுக்கு அதையும் சேர்த்துக் கழித்துக்கொள்கிறேன். ஒன்பது.

இப்போது பாடம். வீட்டுக்கு அந்த மொழியில் காசா. கசாதோ என்ற சொல் அந்தக் காசாவிலிருந்து பிறந்தது. கல்யாணமானவன், அதாவது வீடு என்று ஒன்று உள்ளவன். கல்லூரியில் இதைப் படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். தமிழிலும் அதேதானே! வீட்டுக்காரர், வீட்டுக்காரி. வீட்டை விட்டு எட்டு மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரிக்கு என்ன சொல் என்று இரண்டு மொழியிலும் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

ஈரத்துண்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நாலு முறை படித்தேன். ஆனால் படிவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நானே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். அன்று ரயில் நிலையத்திலும் “உன் இஷ்டம்” என்றீர்கள். இப்போதும் அதையே எழுதுகிறீர்கள். நீங்கள் எத்தனை ஆயிரம் கதவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பீர்கள்? ‘தள்ளு’ என்று ஒட்டுவீர்கள், ‘இழு’ என்று ஒட்டுவீர்கள். ‘உன் இஷ்டம்’ என்று எந்தக் கதவிலாவது ஒட்டியதுண்டா? அப்படி ஒட்டினால் வருகிறவள் வாசலிலேயே நிற்க மாட்டாளா?

வேலைக்கு எனக்குக் குறைவில்லை. இரண்டு பள்ளியும் என்னைக் கேட்கின்றன. கேட்காதது ஒரே ஒரு ஆள்தான். கேட்டால் வருவேன். கேட்காவிட்டால் இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதைக் கோபமாக எழுதவில்லை. மூன்று வருடத்தை யூகத்தில் விட எனக்கு மனமில்லை.

கடைசியில் ஒரு சந்தேகம். நேற்று போனில், “பரீட்சை வருதும்மா, எங்க சார் ஒரு மாசமா வீட்டுப்பாடமே தரல” என்றாள் நீதிபதி. அப்படியானால் அந்த ஐந்து வாக்கியம் யார் கொடுத்த வீட்டுப்பாடம்?

ஆசிரியை, அறை எண் 7


ஜூலை 27, ஞாயிறு

டீச்சரம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். ஸ்டிக்கர் மட்டும்தான் சார் கொடுத்தது. ஐந்து வாக்கியம் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது. ஸ்டிக்கருக்கு நீ பதில் போட்டாயா, அது நின்றுவிடக் கூடாது என்று தோன்றிற்று. வீட்டுப்பாடம் இல்லாமல் உனக்கு எப்படிக் கடிதம் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. ஆகவே நீதிபதியின் புத்தகத்தைப் புரட்டி, பாடத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிகளில் ஒன்றைப் பிடித்தேன். நாற்பத்து நாலு வயதில் வீட்டுப்பாடத்தைக் கேட்டு வாங்கிச் செய்கிற முதல் மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

‘உன் இஷ்டம்’ பற்றி. கல்யாணமான புதிதில் நீ சொன்னாய்: என்ன படிப்பது என்று அப்பா முடிவு செய்தார், எங்கே வேலைக்குப் போவது என்று அண்ணன் முடிவு செய்தார், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை என்று. அது என் காதில் அப்படியே தங்கிவிட்டது. மூன்றாவதாக நான் ஒருத்தன் வந்து உன்னைப் ‘போ’, ‘போகாதே’ என்று சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். பெரிய மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு பெட்டியையும் தூக்கி ரயிலில் வைத்தேன். அது உனக்கு எப்படிக் கேட்டிருக்கிறது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. ரயில் வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு வந்து கடையைத் திறந்து, யாரோ ஒருவரின் கதவுக்கு ‘மூடவும்’ என்று வெட்டினேன். அளவு தப்பி ஒரு ஷீட் வீணாயிற்று.

எனக்குக் கடிதத்தில் அதிகம் வராது. பலகையில்தான் வரும். இதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிற பயிற்சிதான், பாடம் ஆறு: “உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பலகை எழுதுக.” இத்தனை வருஷத்தில் ஊருக்கெல்லாம் ‘நல்வரவு’ செய்து கொடுத்திருக்கிறேன், சொந்த வாசலில் ஒன்று வைத்ததில்லை. செய்துவிட்டேன். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, நாலு அங்குலம். ஒரே ஒரு சொல்: பியென்வெனிதா. போட்டோ வைத்திருக்கிறேன். பலகைக்குக் கீழே முறைத்துக்கொண்டு நிற்பது நீதிபதி.

திருத்தி அனுப்பு.

கசாதோ


ஆகஸ்ட் 4, திங்கள்

கசாதோ அவர்களுக்கு,

மூன்றாவது ஆளாக என்னைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டதைப் படித்துவிட்டு, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று உங்களைத் திட்டினேன். பிறகு கேட்காமல் ரயிலேறிய என்னையும் திட்டினேன். திட்டு இரண்டு பக்கமும் சரிசமம்.

பலகை அழகு. எழுத்துக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே உங்கள் கை என்று தெரிகிறது. நீதிபதி இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள், இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு பிழை இருக்கிறது. வாசல் பலகை எல்லோருக்கும் பொது. வருகிறவர் யாரோ, எத்தனை பேரோ, ஆணோ பெண்ணோ என்பதால் அங்கே ‘ஓஸ்’ போட்டு ‘பியென்வெனிதோஸ்’ என்றுதான் எழுதுவார்கள். ‘தா’ என்று முடித்தால் அது ஒருமை, பெண்பால். ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் நல்வரவு என்று ஆகிவிடும். சொற்பட்டியலில் மறுபடியும் கண் ஒரு வரி தள்ளிப்போயிருக்கும். பசை இறுகுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

திருத்துகிற வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டேன். இனி டீச்சராக இல்லாமல் ஒன்று சொல்கிறேன். அந்தத் ‘தா’வைச் சிவப்பு மையால் சுழிக்கப் போனவள், சுழிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழையாகத்தான் இருக்கும் என்று தெரியும். கன்சாதோவை நம்பி ஒரு முறை அழுதாயிற்று, இதை நம்பி இன்னொரு முறை ஏமாறத் தெம்பில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

படிவம் மேசை மேல் இருக்கிறது. லா மேசா.

ஆசிரியை, அறை எண் 7


ஆகஸ்ட் 8, வெள்ளி

என் வீட்டுக்காரிக்கு,

பிழையில்லை.

ஜூன் 24-ஆம் தேதி ஒரு டீச்சர் எனக்கு எழுதியிருக்கிறார்: ‘ஆ’வில் முடிந்தால் பெண், பலர் என்றால் ‘ஓஸ்’. அந்தக் கடிதத்தைக் கடையில் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஒன்பதாவது, பத்தாவது எழுத்தையெல்லாம் வெட்டினேன். கண் எந்த வரிக்கும் தள்ளிப்போகவில்லை.

நேற்று அந்த ஸ்பானிஷ் சார் இந்த வழியாகப் போனவர் பலகையைப் பார்த்துவிட்டு நின்றார். “கடைசி எழுத்து தப்பும்மா, வர்றவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதணும்” என்று நீதிபதியிடம் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “தப்பில்ல சார். எங்க வீட்டுக்கு வரவேண்டியவங்க ஒருத்தங்கதான்” என்றாள். சார் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். தீர்ப்புக்கு மேல் யார் என்ன பேச முடியும்?

வாடிக்கையாளர் தவறு என்றால் மாற்றிக் கொடுப்பது என் கடை வழக்கம். இதை மட்டும் மாற்ற மாட்டேன். வெளி உபயோக ஷீட், ஏழு வருஷத்துக்கு உரியாது.

நீ கேட்டுவிட்டாய், அதனால் தமிழிலும் சொல்கிறேன். இங்கே ‘ன்’ கூடவோ குறையவோ வழியில்லை. வந்துவிடு. உன் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என் இஷ்டம் இது. இதைச் சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே பெரிய எழுத்துப்பிழை.

“நாங்கள் நலம்” என்று முதல் கடிதத்தில் எழுதியதையும் அடித்துவிடு, அது பொய். நீ வந்தபிறகு எழுதுகிறேன், நாம் நலம் என்று.

கசாதோ


ஆகஸ்ட் 14, வியாழன்

என் வீட்டுக்காரருக்கு,

படிவத்தை இன்று காலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி. இங்குள்ள தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காரணம் கேட்டார். ஊரில் ஒரு மாணவர் இருக்கிறார், ஆர்வம் அதிகம், மேற்பார்வை தேவைப்படுகிறது என்றேன். எந்த வகுப்பு என்று கேட்டார். பலகை வகுப்பு என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் நின்றபாடில்லை.

இங்கே பருவம் முடிந்து செப்டம்பர் 28-ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். பார்த்துத்தான் நாள் குறித்தேன், அன்று ஞாயிற்றுக்கிழமை. நீதிபதியிடம் சொல்லுங்கள், அன்று முழுக்க அம்மாதான். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் பள்ளியில் டீச்சர். வகுப்பில் அவளுக்குச் சலுகை கிடையாது. வீட்டில் எனக்குச் சலுகை உண்டா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

மருந்துக்கடைக்குக் ‘கடை’யை ஏற்றிக் கொடுத்துவிட்டீர்களா? அந்த நாற்காலிக்கு நாலாவது காலைப் போட்டு வையுங்கள், வந்ததும் நான்தான் அதில் உட்காரப் போகிறேன். ஈரத்துண்டை 27-ஆம் தேதியே கட்டிலில் போட்டுவிடுங்கள். திட்டிப் பழக்கம் விட்டுப்போயிற்று, முதல் நாளே ஆரம்பித்தால்தான் கைவரும்.

பியென்வெனிதா: பத்துக்குப் பத்து. அந்தத் ‘தா’வைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டுப் போட்டோவைப் பெட்டியில் முதலாவதாக வைத்திருக்கிறேன். பிழைக்குப் போடும் சுழி இல்லை அது.

நாம் நலமாகப் போகிறோம்.

எட்டு மணி நேரப் பயணத்தை நினைத்தால் கொஞ்சம் கன்சாதா,
ஆனால் என்றும் கசாதா,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு. ஜூன் 16 கடிதத்தை மறுபடி படித்தேன். எல்லாவற்றுக்கும் இரண்டு அங்குல எழுத்து, கட்டிலுக்கு மட்டும் அரை அங்குலமா? நான் வருவதற்குள் சரிசெய்து வைக்கவும்.